சீமைக்குப் போன முனியம்மாவின் பானை

1

புலம்பெயர்ந்து வாழும் அனுபவங்களை எழுதி அனுப்புமாறு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அன்போடு கேட்டிருக்கிறார். "அயல்மண்ணில் கால் வைத்த முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்" என்பது அவருடைய யோசனை. நான் புனேயில் வைத்தது முதலில் கால் அன்று, தலை. தாபோடியில் ராணுவக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த ஓர் ஒற்றை அறையில் நான் பிறந்தேன். என் தந்தையும் அதே வரிசையில் நான்கு அறை தள்ளிப் பிறந்தவர். அவருடைய தந்தையும் இவ்வூரிலேயே பிறந்தார். அப்போது அந்த வரிசை கட்டப்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆயினும் என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இங்கே காய்கறிக்காரர் இன்றுவரை என்னிடம் "உங்கள் ஊர் எது?" என்று மராத்தியில் கேட்கிறார். "புனே" என்றால் சிரித்து, "அது சரி, உண்மையான ஊர்?" என்கிறார். ஆரணி என்று சொன்ன பிறகே கத்தரிக்காயை நிறுக்கிறார். ஆரணிக்கு நான் இருமுறை போயிருக்கிறேன். அங்கே, "பூனாவுலேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்கள், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எப்ப திரும்புறீங்க?" என்றும் கேட்டார்கள். இடம்விட்டு நகராமலேயே புலம்பெயர்ந்தவன் ஆகும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மராத்திப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். தமிழை நூலகத்திலும், ஆங்கிலத்தைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவிலும் நானே கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பின் இதே புனேயின் விஷ்ராந்த்வாடியில் மகன் வீட்டில் வசிக்கிறேன். என்னுடைய நடை சற்று விறைப்பாக இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். சீருடை அணிந்து பழகிய நடை அது.

2

இக்குறிப்புக்குக் காரணம் ஒரு பானை.

தாபோடியில் எங்கள் மக்கள் கட்டிய மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைப்பார்கள். அவ்வரிசையின் முதல் பானை எங்கள் வீட்டுப் பானை. அந்த உரிமை வந்த விதம் இது.

என் தாத்தாவின் அத்தை முனியம்மா, ஒரு கர்னல் துரையின் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். அப்போது கோவில் இல்லை; மரத்தடியில் ஒரு கல் மட்டும் இருந்தது. புறப்படுவதற்கு முன் அக்கல்லின் முன்னே பொங்கல் வைத்து, "திரும்பி வந்து அடுத்த பானை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பவில்லை. அவள் வரும்வரை அவளுக்காக வைப்போம் என்று வீட்டுப் பெண்கள் தொடங்கியது, ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாறி, இப்போது என் அக்கா ராஜம்மாவிடம் வந்து நிற்கிறது. பானை பொங்கி வழியும்போது, அது யாருடைய பானை என்று ஒருத்தி உரக்கக் கூவ வேண்டும். சுற்றி நிற்பவர்கள் குலவையிட வேண்டும். குலவை விழாத பொங்கல் அம்மனுக்குச் சேராது என்பது எங்கள் பெண்களின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆண்டுதோறும் முதலில் எழும் கூவல் இதுதான்: "சீமைக்குப் போன முனியம்மா பானை!"

காலப்போக்கில் முனியம்மாவுக்குப் பதவி உயர்வுகள் வந்து சேர்ந்தன. என் அப்பாவின் காலத்தில் அவள் விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் இருந்தாள். அக்காவின் காலத்தில் மகாராணிக்கே தோழியாகி, தலைவலிக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இறந்த பிறகும் இவ்வளவு விரைவாக முன்னேறியவர்கள் எங்கள் குடும்பத்தில் வேறு யாருமில்லை.

சென்ற ஆண்டு கோவில் நிர்வாகத்திற்குப் புதிய செயற்குழு வந்தது. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் மென்பொருள் வேலைக்கு வந்த இளைஞர்கள். பக்தியும் பணமும் ஒருங்கே வாய்த்தவர்கள். அவர்கள் வந்ததால் கோவிலுக்குக் கழிப்பறை வந்தது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். கழிப்பறையைத் தொடர்ந்து விதிமுறைகள் வந்தன. செயலாளர் சிவப்பிரகாஷ், கோவைக்காரர், புனேயின் புறநகரான பிம்ப்ளே சௌதாகரில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உயர்ந்த மாடியில் வசிப்பவர், வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். பொங்கல் பானைகள் இனி டோக்கன் வரிசைப்படி வைக்கப்படும். பரம்பரை முன்னுரிமை கோருவோர் ஆவணச் சான்று அளிக்க வேண்டும்.

அக்கா எனக்குத் தொலைபேசினார்.

"டேய் கன்னியப்பா, இந்தப் பையன் இன்னாடா கேக்கறான்?"

"ஆதாரம் கேக்கறாங்கக்கா. முனியம்மா சீமைக்குப் போனதுக்கு."

"போனவ திரும்பி வரலியே, அது ஆதாரம் இல்லியா? இங்கயே இருந்தான்னா நாம பாத்திருக்க மாட்டோமா?"

தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் செயற்குழு அதை ஏற்காது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது; மூட்டு வலியால் வேறு விழாக்களுக்கு அவர் போவதில்லை. ஆண்டு முழுவதும் அவர் எழுந்து நிற்பது அந்த ஒரு பானைக்காக. ஆகவே முனியம்மாவைத் தேடிப் போவதென்று முடிவு செய்தேன். மகன் வாங்கித் தந்த டேப்லெட்டின் வழியாக.

3

மகாராணியின் ஆட்சியில் இங்கிலாந்தில் குடிக்கணக்குக்காகப் பத்தாண்டுக்கு ஒரு முறை ஓர் இரவைக் குறித்து, அன்றிரவு எந்தக் கூரையின் கீழ் யார் படுத்திருந்தார்களோ அவர்கள் அனைவரையும் எழுதினார்கள். அந்த ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தாளை நிரப்பியது அந்தந்த வீட்டுத் தலைவர். கணக்கெடுப்பவர் அதை வாங்கித் தம் புத்தகத்தில் படியெடுத்தார். எனவே ஒரு வேலைக்காரியைப் பற்றி அந்த ஏடு சொல்வதெல்லாம், அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர் அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவை. அவள் சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும். அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயரைக் கொண்டு ஒரு வேலைக்காரியைத் தேடுவது வீண் முயற்சி என்பதைச் சில வாரங்களில் கற்றேன். வேலைக்கு வரும் பெண்ணின் பெயர் பகட்டாக இருந்தாலோ, வீட்டு மகளின் பெயரும் அதுவாக இருந்தாலோ, எஜமானி அவளுக்கு "மேரி" என்று பெயரிட்டுவிடுவாள். இரண்டு பெயர்களில் மாற வேண்டியது எது என்பதில் விவாதம் எழுந்ததாகச் சான்றில்லை. மேரி போய்விட்டால் அடுத்து வருபவளும் மேரி. சமையற்காரிக்கு மட்டும் திருமணம் ஆகாமலேயே "மிஸஸ்" என்ற பட்டம் கிடைத்தது. அடுப்பையே கணவனாகக் கருதினார்கள் போலும்.

இதை நான் மருமகள் அஷ்வினிக்குப் படித்துக் காட்டினேன். அஷ்வினி மராத்திக் குடும்பத்துப் பெண். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவள்.

"சீ, என்ன மனுஷங்க பப்பா அவங்க! ஒரு பொண்ணோட பேரைக்கூட விட மாட்டாங்களா?" என்று உள்ளபடியே வருந்தினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "மௌஷி, சாய் வெச்சிட்டீங்களா?" என்றாள்.

மௌஷி என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் அடுக்ககத்தில் காலையில் பாத்திரம் துலக்க வரும் பெண்கள் அனைவரும் மௌஷிகள். சென்ற ஆண்டு வந்தவரும் மௌஷி, இவ்வாண்டு வருபவரும் மௌஷி, இவர் வராத நாளில் வருபவரும் மௌஷி. இவ்வளவு சித்திகளை உடைய குடும்பங்கள் உலகில் வேறெங்கும் இரா. சித்திகள் ஏறிவர எங்கள் கட்டடத்தில் தனி லிஃப்ட் உண்டு.

குடிக்கணக்கு ஏட்டில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு பத்தி. குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்று அதில் எழுத வேண்டும். மனைவி, மகன், மகள், மாமியார் என்று வரிசையாக எழுதிவந்து, அதே பத்தியில், அதே மையில், "வேலைக்காரி" என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் உறவுமுறைச் சொற்கள் ஏராளம் என்று நாம் பெருமைப்படுகிறோம். இப்படி ஓர் உறவுமுறை நமக்குத் தோன்றவில்லை. ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்து, அரசாங்கத் தாளிலும் ஏற்றிவிட்டார்கள்.

4

பெயரை விட்டுவிட்டு வீட்டைத் தேடினேன். கர்னல் வீடு, பூனாவில் பிறந்த குழந்தைகள் இருக்க வேண்டும், ஏட்டின் கடைசி வரியில் ஓர் இந்தியப் பெண் இருக்க வேண்டும். இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகள் செல்டன்ஹாம் என்ற ஊரில் மிகுதியாகக் குடியேறினார்கள். அங்கே தெருத் தெருவாக நடந்தேன். டேப்லெட் சூடாகிவிடும், அதை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். "பப்பா இங்கிலாந்து போயிருக்காரு, சாப்பாட்டுக்கு வந்துருவாரு" என்று அஷ்வினி வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லுவாள். ஒருமுறை என்னிடமே, "இந்த அத்தை மூலமா நமக்கு அங்க ஏதாவது ஜாகா கிடைக்குமா பப்பா?" என்று கேட்டாள். புனேக்காரர்கள் வீட்டுமனையை ஜாகா என்பார்கள். எதைப் பேசினாலும் பேச்சு அங்கே போய்ச் சேரும்.

வழியில் பலர் எனக்கு அறிமுகமானார்கள். எல்லன் என்றொரு வீட்டு வேலைக்காரி. ஒரு கணக்கில் அவளுக்கு வயது பத்தொன்பது. பத்தாண்டு கழித்து வேறொரு வீட்டில் இருபத்தாறு. அவளுடைய மூன்று வயதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. இளையவளைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்பதால் அவளே ஒளித்திருக்கலாம். எஜமானி அவளை ஒரு பார்வை பார்த்து உத்தேசமாக எழுதியிருக்கலாம். அதற்கும் பத்தாண்டு கழித்து அவளை வேறோர் ஊரில், வாடகை அறையில், "முன்னாள் வேலைக்காரி" என்ற நிலையில் கண்டேன். குடும்பத் தலைவருக்கு உறவு என்ற பத்தியில் இம்முறை அவளே தலைவி. ஓர் அறை, ஓர் ஆள். அன்று எனக்கு ஏனோ சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த எல்லன் பத்தொன்பது வயதில் வேலை பார்த்த வீட்டில்தான் முனியம்மா இருந்தாள். எல்லனின் வரியோடு நிறுத்தி, அதற்குக் கீழே பார்க்காமல் தாண்டிப் போனவன் திரும்பி வந்தேன். கர்னல், அவர் மனைவி, நான்கு குழந்தைகள், அவர்களில் இருவர் பிறந்தது பூனா. மிஸஸ் பட்டம் பெற்ற திருமணமாகாத சமையற்காரி. எல்லன். பிறகு கடைசி வரி. மூனியா; வேலைக்காரி; மணமாகாதவள்; வயது முப்பத்திரண்டு; ஆயா; பிறந்த ஊர் பூனா.

நாய்களைக் கணக்கில் எழுதும் வழக்கம் அங்கே இல்லாததால் அது கடைசி வரியாயிற்று.

அந்த வரியை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் தாளில் எழுதப்பட்டது அதுவே முதல் முறையாக இருக்க வேண்டும். அடுத்த கணக்கில் அதே வீட்டைத் தேடிப் பிடித்தேன். குழந்தைகள் வளர்ந்திருந்தார்கள். ஆயா இல்லை. வேறு எந்த வீட்டிலும், எந்த ஊரிலும், எந்த எழுத்துக்கூட்டலிலும் அவள் இல்லை. திரும்பும் கப்பலில் ஏறினாளா, அங்கேயே மண்ணுக்குள் போனாளா என்று சொல்ல எந்த ஏடும் இல்லை.

ஆட்டோ பிடித்துத் தாபோடிக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சுட்டாளா?"

"கெடச்சுட்டாக்கா."

"அரமனையிலதானே?"

"இல்ல. கர்னல் வூட்ல. ஆயாவா இருந்திருக்கா."

"கர்னல் வூடு அரமனைக்குள்ள இருந்துச்சா?"

"அது வேற ஊருக்கா."

"பக்கத்துல எங்கனா ராணி இருந்தாளா?"

"இல்ல."

அக்கா பூண்டை முறத்தில் போட்டார். "இன்னாடா நீ. அவ்ளோ தூரம் தேடிப் போனதுதான் போன, கொஞ்சம் நல்ல வூடா பாத்துத் தேடக் கூடாதா?"

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்காவே தொடர்ந்தார்.

"ராணி வூட்லன்னு எழுதிக் குடுத்துரு. எவன் போயிப் பாக்கப் போறான்?"

"அந்தப் பையன் பாப்பான்க்கா. நான் பாத்த மாதிரியே அவனும் வூட்ல உக்காந்து பாப்பான். அப்புறம் எழுத்துல பொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல."

"ஆமாமா, பெரிய அரிச்சந்திரன். பானை போனா உன் வாய்மையைப் போட்டுப் பொங்கல் வெக்கறேன்."

அக்கா இன்னொரு பூண்டை எடுத்து உரித்தார். அக்கா தம் பதினாறு வயது முதல் மூட்டு விட்டுப்போகும்வரை பக்கத்துக் கடக்கியின் ராணுவ அதிகாரிகள் பங்களாக்களில் குழந்தை வளர்த்தவர். பிறகு, வேறு குரலில் கேட்டார்.

"ஆயான்னா, புள்ள தூக்கிட்டு இருந்தாளா?"

"ஆமாக்கா."

"என்னாட்டம்."

"ஆமா."

"நான் வளத்த மேஜர் வூட்டுப் பையன் இப்ப பெரிய ஆபீசராம். உன்னை யாரு வளத்தான்னு கேட்டா இன்னா சொல்லுவான்?"

"ஆயா வளத்தாங்கன்னு சொல்லுவான்."

"அதான். என் பேரு அவனுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்ல, அவனும் கேட்டதில்ல." பூண்டு முறத்தைக் கீழே வைத்தார். "முனியம்மாவுக்கு மட்டும்தான்டா வருசத்துக்கு ஒரு தபா பேரைச் சொல்லிக் கூப்புடறோம். அதை வுட்டுராத. உள்ளது எதுவோ அதையே கொண்டு போயிக் காட்டு."

5

செயற்குழுவின் கூட்டம் பிம்ப்ளே சௌதாகரில், செயலாளர் வசிக்கும் கட்டடத்தின் கிளப் ஹவுசில் நடைபெற்றது. குளிரூட்டப்பட்ட அறை, ஆளுக்கொரு சாண்ட்விச். பெரிய திரையில் முனியம்மாவின் வரியைப் போட்டுக் காட்டினேன். நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைசி வரியில் கிடந்தவள் சுவரளவுக்கு எழுந்து நின்றாள். கை தட்டினார்கள்.

"அருமைங்க சார்! இதெல்லாம் எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார் சிவப்பிரகாஷ். அவர் மரியாதை தெரிந்த இளைஞர். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கை தட்டி முடித்தபின் அவரே திரையின் அருகே போய் நின்றார். "இந்த ரிலேஷன்ங்கற கட்டத்துல சர்வன்ட்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆம். அவர் அந்த வீட்டின் ஆயா."

"இல்லீங்க, நம்ம சுவெனீர்ல ராயல் கம்பானியன்னு போட்டு வெச்சிருக்கோமுங்க."

"அது எங்கள் வீட்டில் வழங்கிய கதை. இது ஆவணம். நீங்கள் ஆவணம் கேட்டீர்கள்."

"கேட்டோமுங்க சார். ஆனா பாருங்க, முதல் பானைங்கறது ஒரு கௌரவம். நாளைக்கு ஸ்பான்சர்ஸ் வருவாங்க, ஏன் இவங்களுக்கு முதல்லன்னு கேட்பாங்க. வீட்டு வேலைக்குப் போனாங்கன்னு சொன்னா…" என்று நிறுத்தி, வருத்தத்துடன் கையை விரித்தார்.

இதுவரை ஆதாரமின்றி மகாராணியின் தோழியாக இருந்தவள், ஆதாரம் கிடைத்த அன்று பதவி இழந்தாள். காணாமற்போனவளாக இருந்தவரை அவளுக்கு மதிப்பிருந்தது. கண்டுபிடித்தது என் பிழை.

சென்னையிலிருந்து வந்த மற்றொரு உறுப்பினர் கடைசிப் பத்தியைச் சுட்டிக்காட்டினார். "சார், பர்த்பிளேஸ் பூனான்னு இருக்கு பாருங்க. அப்போ டாக்குமென்ட் படி இவங்க தமிழ்நாடே கிடையாது. நம்ம பைலாஸ்ல, பரம்பரை உரிமைக்குத் தமிழ்நாட்டுப் பூர்வீகம் இருக்கணும்னு ரூல் இருக்கு."

நான் அந்தத் திரையைப் பார்த்தேன். எங்கள் குடும்பம் இந்த ஊர்க்குடும்பம் என்று உலகில் எழுதி வைத்தவர் ஒருவர் மட்டுமே. அவர் செல்டன்ஹாமில் வசித்த ஒரு கர்னல். அதைக் கொண்டு காய்கறிக்காரரிடம் வாதிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்குள் அதே வரி என்னைத் தமிழர் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டது. ஒரே வரியில் ஒருவன் இரண்டு இடத்திலும் அயலானாக முடியும் என்பதை இதுவரை எந்தப் புலம்பெயர்ந்தவரும் எழுதி நான் படிக்கவில்லை.

"அப்படியானால் உங்கள் முடிவு?"

"யாருக்கும் மனசு நோக வேண்டாமுங்க சார். முதல் பானை செயற்குழு பேர்ல வெச்சுக்கலாமுங்க. உங்க அக்காவுக்கு ரெண்டாவது டோக்கன் குடுத்தரலாம். சாண்ட்விச் எடுத்துக்கங்க."

முடிவை அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றமே. "செயற்குழுன்னா யாரு? பொம்பளையா, ஆம்பளையா?" என்று மட்டும் கேட்டார். நான் விளக்கினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

6

ஆடி ஞாயிறன்று மழை. புனேயின் ஆடி, கந்தல் துணியைப் பிழிவதுபோல நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே செங்கல் வரிசை, ஈர விறகு, புகை. தாபோடிப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் தத்தம் டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வராமல் இருந்துவிடுவாரோ என்று நான் அஞ்சிய அக்கா, இரண்டாவது இடத்தில் முக்காலி போட்டு அமர்ந்து, அடுப்பை மூட்டத் தொடங்கியிருந்தார்.

முதல் இடத்துச் செங்கலுக்குப் பூமாலை போட்டிருந்தார்கள். செயலாளரும் அவர் மனைவி நித்யாவும் காரில் வந்து இறங்கினார்கள். நித்யா பட்டுப்புடவையில் இருந்தார். புகையைக் கண்டதும் இருமல் வந்துவிட்டது. பாவம், அவருக்கு ஒவ்வாமை. ஆகவே பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் பானையோடும் அரிசியோடும் இறங்கி வந்து, முதல் செங்கலின் முன்னே குந்தி உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். அவர்கள் வீட்டோடு இருந்து சமைக்கும் பெண். செயற்குழுவின் சார்பில் செயலாளர், செயலாளரின் சார்பில் மனைவி, மனைவியின் சார்பில் சமையற்காரி. தன் சார்பில் அனுப்புவதற்கு அவளிடம் ஆளில்லை. எனவே அவளே ஊதினாள்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் பானை பொங்கியது. பால் விளிம்பில் ஏறி, நுரைத்து, பக்கவாட்டில் வழிந்து, நெருப்பில் சீறியது. சிவப்பிரகாஷ் ஒலிவாங்கியை எடுத்து, தெளிவாக, மரியாதையாக அறிவித்தார்.

"செயற்குழுப் பானை!"

ஒருவரும் குலவையிடவில்லை.

அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை, "செயற்குழுப் பானைங்க!" என்றார்.

மூன்றாவது செங்கலில் இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "செயற்குழுவுக்கு எந்தத் திசையில பாத்துடி குலவை போடறது?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பானை வழிந்துகொண்டே இருந்தது. குந்தியிருந்த பெண், தன்மீது ஏதோ தவறு என்று எண்ணி, கரண்டியைக் கையில் பிடித்தபடி செயலாளரின் மனைவியை நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். முழங்காலில் கை ஊன்றி, இரண்டு தவணையாக.

"ஏம்மா, உன் பேரு இன்னா?"

"சரசுங்க."

"எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கத்துலங்க."

"இங்க வந்து எவ்ளோ நாளாச்சு?"

"நாலு வருசமாச்சுங்க."

"நடுவுல ஊருக்குப் போனியா?"

சரசு நித்யாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "மேடம் லீவு குடுத்தாப் போவணுங்க" என்றாள்.

"வூட்ல யாரு கீறாங்க?"

"பொண்ணு ஒருத்திங்க. எங்கம்மாகிட்ட வுட்டுருக்கேன்."

அக்கா செயலாளரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்திருந்த குரலை எடுத்து, தகரக் கூரை அதிரக் கூவினார்.

"பூனாவுக்கு வந்த சரசு பானை!"

குலவை எழுந்தது. அப்படியொரு குலவையை அந்தக் கோவிலில் நான் கேட்டதில்லை. வரிசையின் கடைசிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, மறுபடியும் போனது. சரசு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். புகையால் இருக்கலாம்.

பிறகு அக்காவின் பானை பொங்கியது. "சீமைக்குப் போன முனியம்மா பானை!" என்று கூவியவர் அக்கா அல்லர், அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கூவியது சரசு. அந்தப் பெயர் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கூவினாள்.

விழா முடிந்து, பாத்திரங்கள் கழுவப்பட்டு, மழை சற்று விட்டபோது சிவப்பிரகாஷ் ஒரு ஃபைலோடு என்னிடம் வந்தார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், மினிட்ஸ்ல முதல் பானைக்கு யார் பேர் போடறதுங்க?"

"நடந்ததை எழுதுங்கள்."

"அப்படி எழுதிட்டா அதுவே ஆவணம் ஆயிருமுங்களே சார். அடுத்த வருசம் சரசு வந்து முதல் பானை எங்களுதுன்னு கேட்டா, நாம என்னங்க பண்றது?"

அக்காவுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது. ஒரு காலை நுழைத்துக்கொண்டே சொன்னார்:

"குடுத்துரு. எனக்கு ரெண்டாவது போதும். ஆனா அவ கேக்க வர்றதுக்கு முன்னாடி, அவளை ஒரு தபா ஊருக்கு அனுப்பி வுடு. இன்னொருத்திக்கும் நூறு வருசம் பானை வெக்க எங்களால ஆவாது."